குன்னூர் எலிகள் சொன்ன சேதி

பெரிபெரி என்றால் வைட்டமின் பி1 குறைபாடு என்று முப்பது வருடம் பாடம் நடத்தினேன். அதை ஆராய நம் குன்னூரிலேயே ஆய்வுக்கூடம் இருந்தது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1918-இல் பாஸ்டியர் நிலையத்தின் ஓர் அறையில் அதைத் தொடங்கியவர் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன். பின்னாளில் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ட உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாப் சீக்கியர் உணவைத் தின்றவை நன்றாக வளர்ந்தன. நம் சென்னை மாகாணச் சோற்றைத் தின்றவை கடைசி! ஒரே இன எலிகள்தான். வேறுபாடு தட்டில் இருந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. தட்டிலிருந்து மண்ணுக்குப் போனார். கோவை வேளாண் வேதியியலர் விஸ்வநாத்துடன் சேர்ந்து, தொழுவுரமிட்டு விளைந்த தானியத்தையும் ரசாயன உரத்தில் விளைந்ததையும் ஒப்பிட்டார். தொழுவுரத் தானியமே சத்து மிகுந்தது என்று 1926-இல் எழுதினார்கள்.

அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

நாம் மட்டும் மாறவில்லை. இன்றும் வெள்ளை வெளேரென்ற அரிசியைத்தான் கேட்டு வாங்குகிறோம். தவிட்டை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, சத்து மாத்திரையை நாம் விழுங்குகிறோம். உங்கள் வீட்டில் என்ன அரிசி? சொல்லுங்கள்.