சுடாத சுடர்

பேனா பருமனில் ஒரு குழாய். உள்ளே ஹீலியம் வாயுவும் கொஞ்சம் மின்சாரமும். முனையிலிருந்து ஊதா நிறத்தில், இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு மெல்லிய சுடர். ‘இதற்குள் எலெக்ட்ரான்களின் வெப்பம் பத்தாயிரம் டிகிரிக்கு மேல்!’ என்கிறார் விஞ்ஞானி. சொல்லிவிட்டு, சாவகாசமாக விரலை அதற்குள் நீட்டுகிறார். ஊஹூம்... சுடவில்லை! நீங்கள் நீட்டுவீர்களா?

யோசிப்பீர்கள். யோசிக்கவும் வேண்டும். அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது. ஆனால், அளப்பதில்தான் சிக்கலே!

இந்தச் சுடர், பிளாஸ்மா. வாயுவில் மின்சாரம் பாய்ந்து, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று திரிகிற நிலை. மின்னல், டியூப்லைட் எல்லாம் இந்த வகையறாதான். 1928-ல் இந்தப் பெயரைச் சூட்டியவர், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இருந்த இர்விங் லாங்மூர். ரத்த அணுக்களைச் சுமந்து ஓடும் பிளாஸ்மா திரவம் அவருக்கு ஞாபகம் வந்ததாம். கூட வேலை பார்த்த மாட்-ஸ்மித் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அளக்கவும் லாங்மூர் ஒரு வழி கண்டுபிடித்தார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய உலோகக் கம்பியை நுழைத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவது. திறந்த வெளியில் பீறிடும் சுடரிடம் இது பலிக்கவில்லை. கம்பி அருகே வந்தாலே சுடரின் சுபாவம் மாறிவிடுகிறது. தெர்மாமீட்டர் வைத்ததாலேயே ஜுரம் ஏறினால் டாக்டர் என்ன செய்வார்?!

ஆகவே, தொடாமல் அளந்தார்கள். சுடரில் ஒளிரும் நைட்ரஜனின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், வாயுவின் வெப்பம் தெரியும். லேசர் கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்தைப் பார்த்தால் எலெக்ட்ரான்களின் வெப்பம் தெரியும். ஒரே சுடருக்கு இரண்டு விடைகள்! எலெக்ட்ரான்கள் பத்தாயிரம் டிகிரியைத் தாண்ட, வாயுவோ கிட்டத்தட்ட அறை வெப்பத்தில்! கம்பி மத்தாப்பின் பொறி கையில் விழுந்தால் சுடுகிறதா என்ன? பொறியில் சூடு அதிகம், எடை சொற்பம். எலெக்ட்ரான் கதையும் அதேதான்.

அடுத்த ஆச்சரியம் 2005-ல். ஜெர்மனியின் வுப்பர்டால் பல்கலைக்கழகத்தில் அதிவேக கேமராவால் சுடரைப் படம்பிடித்தார்கள். பார்த்தால், சுடரையே காணோம்! குண்டு குண்டாக ஒளி உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்துகொண்டிருந்தன. அடுத்த வருடம் அமெரிக்காவில் லூ, லரூசி இருவரும் இதையே உறுதி செய்தார்கள். வேகம் விநாடிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேல்! வாயு அப்படிப் பறப்பதில்லை. வயலில் காற்றடித்தால் அலை ஓடுமே தவிர, பயிரா ஓடுகிறது? விநாடிக்குப் பல ஆயிரம் தடவை இது நடப்பதால், நம் கண்ணுக்கு அசையாத சுடர்!

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? ஆறாத புண்களுக்காக! கிருமிகளைக் கொல்லும் இந்த வகைச் சுடர்க்கருவி ஒன்று, 2013-ல் ஜெர்மனியில் மருத்துவ சாதனமாக அங்கீகாரம் பெற்றது. இப்படிப்பட்ட கருவிகளில் வெப்பம், புற ஊதாக் கதிர், உடலில் பாயும் மின்னோட்டம் என்று எதையெல்லாம் அளக்கவேண்டும் என 2014-ல் வரையறையும் வகுத்தார்கள். ரத்தத்தை நினைத்துப் பெயர் வைத்த பொருள், கடைசியில் காயத்துக்கே வந்து சேர்ந்தது!

எல்லாச் சுடரும் சாது அல்ல. ஆகவே, விரலை நீட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் – ‘அளந்தாச்சா?’