சோ ராமசாமி

சோ ராமசாமி (அக்டோபர் 5, 1934 - டிசம்பர் 7, 2016) தமிழக நாடக ஆசிரியர், நடிகர், அங்கத எழுத்தாளர், இதழாளர், வழக்கறிஞர் ஆவார். துக்ளக் இதழின் நிறுவன ஆசிரியர்.

வாழ்க்கை

சென்னையில் பிறந்தார். இயற்பெயர் ராமசாமி. தேன்மொழியாள் என்ற நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே பின்னர் அவருக்கு நிலைத்துவிட்டது. சட்டம் பயின்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார், பின்னர் டி. டி. கே. நிறுவனத்தின் சட்ட ஆலோசகராக இருந்தார். பார் மகளே பார் (1963) மூலம் திரையுலகில் நுழைந்து ஏறத்தாழ 200 படங்களில் நடித்தார்.

நாடகங்கள்

விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவிற்காக அவர் எழுதிய நாடகங்களில் கதையைவிட வசனமே முதன்மை பெற்றது. அன்றாட அரசியல் செய்திகள் மேடையில் உடனுக்குடன் கேலிக்குள்ளாயின. ஊழலைச் சாடிய சம்பவாமி யுகே யுகே அன்றைய காங்கிரசு ஆட்சியின் கெடுபிடிகளுக்கு உள்ளானது. நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சென்னை மாகாணத்தில் 1954-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது.

முகமது பின் துக்ளக் (1968) அவருடைய நாடகங்களுள் மிகவும் புகழ் பெற்றது. பதினான்காம் நூற்றாண்டின் டில்லி சுல்தான் துக்ளக்கும் பயணி இபின் பதூதாவும் பூமிக்கடியிலிருந்து உயிருடன் வெளிவந்ததாக நம்பப்படுகின்றனர். துக்ளக் தேர்தலில் வென்று பிரதமராகிறான். மொழிச் சிக்கலுக்குத் தீர்வாகப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். கட்சி மாறி வந்தோருக்குத் துணைப் பிரதமர் பதவிகளை வாரி வழங்குகிறான். இந்தி எதிர்ப்புப் போராட்டமும் கட்சித் தாவல்களும் நினைவில் பசுமையாக இருந்த காலம் என்பதால், பார்வையாளருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. 1971-இல் சோவின் இயக்கத்திலேயே இது திரைப்படமானது.

துக்ளக் இதழ்

நாடகத்தின் பெயரையே சூட்டி 1970 சனவரி 14 அன்று துக்ளக் இதழைத் தொடங்கினார். முதல் இதழின் அட்டையில் இரு கழுதைகள் இதழைப் பற்றி உரையாடின. கேலி செய்யப்படுவோரின் பட்டியலை இதழாசிரியரிடமிருந்தே தொடங்கியது இதன் சிறப்பு எனலாம். சேலத்தில் 1971-இல் திராவிடர் கழகம் நடத்திய ஊர்வலம் குறித்த இதழின் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது துக்ளக் கறுப்பு அட்டையுடன் வெளிவந்தது. அரசியல் எழுதத் தணிக்கை தடையாக இருந்ததால், சர்வாதிகாரி (1951) என்ற பழைய திரைப்படத்திற்கு விமரிசனம் எழுதினார். தணிக்கை அதிகாரி வெட்டுவதற்கு அதில் எதுவுமில்லை. வாசகர்கள் புரிந்துகொள்வதற்குத் தலைப்பே போதுமானதாக இருந்தது.

அரசியல்

1996 தேர்தலில் தி. மு. க. - த. மா. கா. கூட்டணி அமைய முயன்றார். அதற்கு முன்னும் பின்னும் தி. மு. க.வைக் கடுமையாக விமரிசித்தவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1999 முதல் 2005 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். விடுதலைப் புலிகளைத் தொடர்ந்து எதிர்த்தார். பெண்கள் குறித்த அவருடைய கருத்துகள் பிற்போக்கானவை எனப் பலராலும் கண்டிக்கப்பட்டன; அங்கதத்தின் கூர்மை அவ்விடங்களில் மழுங்கியிருப்பது உண்மையே.

நெடுநாள் நண்பரான ஜெயலலிதா இறந்த இரண்டாம் நாள், சென்னையில் காலமானார். 2017-இல் பத்ம பூசண் விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. துக்ளக் ஆசிரியர் பொறுப்பை எஸ். குருமூர்த்தி ஏற்றார்.