பருவத்துக்கு ஏத்த மருந்து சரி, ஓய்வு யாருக்குக் கிடைச்சுது?

கொஞ்ச நாளா நிறைய பேர் ஒரே மாதிரி ரீல்ஸ் அனுப்பிட்டே இருக்கீங்க. சீன மருத்துவப்படி வசந்த காலத்துல கல்லீரலைக் கவனிக்கணும், கோடையில இதயம், கோடைக் கடைசியில மண்ணீரல், இலையுதிர் காலத்துல நுரையீரல், குளிர்ல சிறுநீரகம். பெண்கள் இந்த வரிசையில உடம்பைப் பார்த்துக்கிட்டா போதும்னு சொல்றாங்க. கூடவே ஒரு கேள்வி: "நம்ம கொங்கு நாட்டுல இப்படி ஒண்ணு இல்லையா?"

இருக்குதுங்க. ஆனா அந்த வரலாற்றுல மருந்தை விட முக்கியமான ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

ஆறு பருவம், ஒரு அஞ்சறைப்பெட்டி

தமிழ்ல வருஷத்துக்கு ஆறு பெரும்பொழுது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். அப்புறம் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். வாதம், பித்தம், கபம் மூணும் இந்தப் பருவங்களோட சேர்ந்து ஏறி இறங்கும்னு சித்த மருத்துவம் சொல்லுது. அதனால சாப்பாடும் மாறணும்.

கொங்கு வீடுகள்ல இதை யாரும் தத்துவமா சொல்லிக் கொடுக்கலை. சமையல்ல இருந்துச்சு. வெயில் காலத்துல கம்பங்கூழும் மோரும். குளிர் காலத்துல கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம். கொள்ளு சூடுன்னு மாசமா இருக்குற பொண்ணுக்குக் கொடுக்க மாட்டாங்க. வயசுக்கு வந்த பொண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும். ஐப்பசி மழைக்குத் தீபாவளி லேகியம். பிள்ளை பெத்தவளுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு போட்டுப் பத்தியச் சாப்பாடு. நம்ம பக்கம் மளிகைக்கடை மசாலா சாமானுக்கே 'செலவு'ன்னுதான் பேரு. அந்தச் செலவு ரசம்தான் பல வீட்டுல முதல் மருந்து.

ஆடிக் கணக்கைக் கொஞ்சம் சரிபார்ப்போம்

பருவமும் பெண் உடம்பும்னு பேசினா உடனே வர்ற உதாரணம் ஆடி. கல்யாணமான முதல் ஆடியில பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆடியில கரு தரிச்சா சித்திரை வெயில்ல பிரசவம் ஆகும், அதனாலதான்னு எல்லாரும் விளக்கம் சொல்லுவாங்க.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரு தரிச்சதுல இருந்து பிரசவம் வரைக்கும் சராசரியா 266 நாள். ஆடி ஜூலை 17 வாக்குல தொடங்கும். அதோட 266 நாள் கூட்டினா ஏப்ரல் 9. ஆடி முடியுற ஆகஸ்ட் 16-ல இருந்து கூட்டினா மே 9. கிட்டத்தட்ட சித்திரை மாசமேதான். கணக்கு இடிக்கலை.

ஆனா இந்த வழக்கம் முதல் வருஷத்துக்கு மட்டும்தான். ரெண்டாவது, மூணாவது பிள்ளை சித்திரையில பிறந்தா யாரும் கண்டுக்கலையே! அப்ப இது முழுக்க ஒரு சுகாதார ஏற்பாடுன்னு சொல்றது கஷ்டம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வீசி அடிக்கிற, விதைப்பு வேலை தொடங்குற மாசத்துல, புதுப் பொண்ணுக்கு அம்மா வீட்டுல ஒரு மாசம் ஓய்வு கிடைச்சுது. ஆடி நோம்பிக்கு மாப்பிள்ளைக்கு விருந்தும் கிடைச்சுது. அந்த ஓய்வை மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கங்க. அது யாருக்குக் கிடைச்சுது? காடு, தோட்டம் இருந்த வீட்டுப் பொண்ணுக்கு. அதே ஆடியில அந்தக் காட்டுல கூலிக்கு விதைச்ச பொண்ணுக்கு ஏது அம்மா வீடு?

மருத்துவச்சி

கொங்குக் கல்யாணத்துல மங்கள வாழ்த்து பாடுறவரை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஊர்ல அவரைக் குடிமகன்னு சொல்லுவாங்க. சவரத் தொழிலை அவர் மேல சுமத்தி வெச்சிருந்த சமூகம் அது, இன்னைக்கு மருத்துவர் சமூகம்னு சொல்றோம். அந்த வீட்டுப் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையா பிரசவம் பார்த்தாங்க. எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பத்தின தொகுப்புலயும் இந்தப் பெண்கள் மருத்துவச்சியா இருந்தது பதிவாகியிருக்கு.

ராத்திரி எந்த நேரம் கூப்பிட்டாலும் அவங்க வரணும். கூலி பெரும்பாலும் அறுவடைத் தானியம். பிரசவம் தீட்டு, அதனால அந்தத் தீட்டைத் தொடுற கையும் தாழ்வுன்னு ஊர் வெச்சிருந்துச்சு. பொண்ணோட உசிரை அவங்க கையில கொடுத்த வீடு, அவங்களைத் திண்ணையில உக்கார வைக்க யோசிச்சுது. அவங்க பிள்ளை பெத்தப்ப எத்தனை நாள் ஓய்வு எடுத்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

1920-கள்ல சென்னையில அரசு இந்திய மருத்துவப் பள்ளி வந்துச்சு. நூல்கள்ல இருந்த அறிவு பாடத்திட்டம் ஆச்சு. மருத்துவச்சி கையில இருந்த அறிவுக்கு ஏட்டுல பெருசா இடம் கிடைக்கலை. நம்ம பாஷையில சொன்னா, டாக்குமென்டேஷன் இல்லாத கோட். எழுதினவங்க போனதும் அதுவும் போச்சு.

அப்ப பழசெல்லாம் பொற்காலமா?

இல்லைங்க. சுத்தம் செய்யாத கத்தியில தொப்புள்கொடி அறுத்து, குழந்தைங்க டெட்டனஸ்ல செத்திருக்காங்க. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணியே அளந்து கொடுத்த வீடுகள் உண்டு. சீம்பாலைப் பீச்சிக் கீழே ஊத்தினதும் நடந்திருக்கு. பாரம்பரியம்னு பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசணும்.

அதுக்காக எல்லாத் தப்பும் மருத்துவச்சி தலையிலன்னும் சொல்ல முடியாது. 1840-கள்ல வியன்னா பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு பிரசவ வார்டு. டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த வார்டுலதான் தாய்கள் அதிகமா செத்தாங்க, மருத்துவச்சிகள் பார்த்த வார்டுல இல்லை. பிணப் பரிசோதனை முடிச்ச கையோடு டாக்டர்கள் வந்ததுதான் காரணம்னு செம்மல்வைஸ் கண்டுபிடிச்சார். 1847-ல குளோரின் கரைசல்ல கை கழுவ வெச்சதும் சாவு சட்டுன்னு குறைஞ்சுது. பிரச்சனை பழசா புதுசாங்கிறதுல இல்லை, கை சுத்தத்துல இருந்துச்சு.

சீனாவுலயும் இதே பாடம்தான். பிள்ளை பெத்தவ ஒரு மாசம் வெளியே போகக்கூடாது, குளிர்ச்சி ஆகாது, இஞ்சி சேர்த்துச் சூடா சாப்பிடணும். நம்ம பத்தியம் மாதிரியே இருக்கில்ல? ஆனா அங்கயும் இந்தப் பத்தியம் மட்டும் தாய்களைக் காப்பாத்திடலை. யாங் சோங்ருய்ங்கிற பெண் மருத்துவர் 1929-ல பெய்ஜிங்ல அரசு மருத்துவச்சிப் பள்ளி தொடங்கினாங்க. ஊர் மருத்துவச்சிகளுக்கும் கை சுத்தம், கொடி அறுக்குற முறைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. இந்தியாவுலயும் 1903-ல கர்சன் பிரபுவோட மனைவி தொடங்கின விக்டோரியா நினைவு நிதி, ஊர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பார்த்துச்சு.

மில் சங்குக்குப் பருவம் தெரியாது

கோயம்புத்தூர்ல 1888-ல முதல் பஞ்சாலை வந்துச்சு. 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லுக மளமளன்னு பெருகிருச்சு. ரீலிங் பிரிவுல நிறையப் பெண்கள் வேலை பார்த்தாங்க. ஆடியா, ஐப்பசியான்னு சங்குக்குத் தெரியாது. ஷிப்டுக்குப் போகலைன்னா கூலி இல்லை. கூலி இல்லாம எங்க போய் நாப்பது நாள் பத்தியம் இருக்கிறது?

1934-ல மெட்ராஸ் மகப்பேறு உதவிச் சட்டம் வந்துச்சு. பிரசவத்தை ஒட்டின வாரங்களுக்குப் பணத்தோட ஓய்வு. எனக்கு இது அம்மா வீட்டு ஆடியோட அடுத்த வெர்ஷனாத்தான் தெரியுது. ஒரே வித்தியாசம், இதைக் கேட்டு வாங்க உங்க வீட்டுக்குத் தோட்டம் இருக்க வேண்டியதில்லை. ஆனா அதுவும் ஆலைக்கு உள்ளே இருந்தவங்களுக்கு மட்டும்தான், காட்டு வேலைக்காரிக்கு இல்லை. அவங்களை மாதிரி ஏழைப் பெண்களுக்குன்னு 1987-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல தமிழ்நாடு அரசு நிதியுதவி தொடங்குச்சு. இப்ப அது ஊட்டச்சத்துப் பெட்டகத்தோட சேர்த்து 18,000 ரூபாய்.

பலன் டேட்டாவுல தெரியுது. தமிழ்நாட்டுல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2001-03-ல 134 தாய்மார் இறந்தாங்க. 2018-20-ல அது 54. இப்ப 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். ஆஸ்பத்திரி, ரத்தம், ஆம்புலன்ஸ், கிராமச் செவிலியர், எல்லாம் சேர்ந்து செஞ்ச வேலை இது.

ஒரு சுவாரசியம். 2015-ல அரசு ஆஸ்பத்திரியில பிறக்குற குழந்தைக்குக் கொடுக்க ஆரம்பிச்ச பரிசுப் பெட்டகத்துல, தாய்க்குன்னு ஒரு பொருளும் இருந்துச்சு: சௌபாக்ய சுண்டி லேகியம். சுண்டின்னா சுக்கு. மருத்துவச்சி போயிட்டாங்க, சுக்கு மட்டும் அரசாங்கப் பெட்டியில திரும்பி வந்துச்சு.

அதனால ரீல்ஸ் பார்த்து எந்தச் சூரணம் வாங்கலாம்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். மருந்தை டாக்டர்கிட்டயோ படிச்ச சித்த மருத்துவர்கிட்டயோ கேளுங்க, அதுவும் மாசமா இருந்தா கட்டாயம் கேளுங்க. உங்க டீம்ல, உங்க வீட்டுல வேலை செய்யுற பெண்களுக்கு ஓய்வு கிடைக்குதான்னும் பாருங்க. 2017-ல 26 வார விடுப்பு சட்டமாச்சு. உங்க வீட்டுக்குச் சமைக்க வர்ற அக்காவுக்கு அது பொருந்தாது. அவங்களுக்கு லீவு கொடுக்குறது உங்க கையிலதான் இருக்கு.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்க அப்பத்தா, அம்மாயிகிட்ட மூணு கேள்வி கேளுங்க. முதல் பிரசவம் யார் பார்த்தாங்க? அவங்க பேரு என்ன? எத்தனாவது நாள் வேலைக்குப் போனீங்க? பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல கேப்போம்.