வேலியிடப்படாத சுழல்தண்டுகள்: இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் இயந்திரப் பாதுகாப்பு விதிமீறலும் சட்டத்தின் பின்வாங்கலும் (1844–1856)

ஆய்வுச் சுருக்கம்

ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்பு வேலியிட வேண்டும் என்னும் கடமையை இங்கிலாந்தின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலை உரிமையாளர்கள்மீது விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1856இல் நாடாளுமன்றமே அக்கடமையைச் சுருக்கியது. தொழிலாளர் நலச் சட்டங்களின் வரலாறு படிப்படியான முன்னேற்றமாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் நிகழ்ந்த ஒரு பின்வாங்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. நிர்வாகம் கண்டும் காணாமலும் விட்ட விதிமீறல் முதலில் வழக்கமாகி, பின்னர் அவ்வழக்கமே சட்டமாக மாறிய முறையை இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொழிற்சாலைச் சட்டம், காப்பு வேலி, லெனார்டு ஹார்னர், பஞ்சாலை விபத்துகள், ஹேரியட் மார்ட்டினோ, சார்லஸ் டிக்கன்ஸ்.

முன்னுரை

தொழிற்சாலை விபத்துகளைப் பற்றிய ஆய்வுகள், சட்டம் இல்லாமை, சட்டம் மீறப்படுதல் என்னும் இரு நிலைகளையே பெரிதும் கருத்தில் கொள்கின்றன. இவற்றுக்கு இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு. சட்டம் ஏட்டில் இருக்கும். அது மீறப்படுவதை அதிகாரிகள் அறிந்திருப்பர். எனினும் மீறல் குற்றமாகக் கருதப்படாது. இந்நிலையைச் சமூகவியலாளர் டபிள்யூ. ஜி. கார்சன் 1979இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்சாலைக் குற்றம் வழக்கமாக்கப்படுதல் என்று விளக்கினார். அவருக்கு மறுமொழியாக எழுதிய பார்ட்ரிப்பும் ஃபென்னும், ஆய்வாளர்களின் எண்ணிக்கைக் குறைவையும் வசதிக் குறைவையும் கணக்கில் கொள்ளாமல் அவர்களது நடைமுறையை மதிப்பிடுதல் பொருந்தாது என்றனர். இவ்விரு பார்வைகளும் ஆய்வாளர்கள் வழக்குத் தொடுத்தார்களா, இல்லையா என்பதையே மையமாகக் கொண்டவை. வழக்குத் தொடுக்காமல் விட்ட சலுகை பிற்காலச் சட்டத்தின் வாசகத்தையே எவ்வாறு வடிவமைத்தது என்பதைச் சுழல்தண்டு பற்றிய சர்ச்சை தெளிவாகக் காட்டுகிறது.

சுழல்தண்டும் விபத்தின் தன்மையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சாலையில் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தனி விசைப்பொறி கிடையாது. ஒரே நீராவிப்பொறியின் ஆற்றல் செங்குத்துத் தண்டின் வழியாக மாடிகளுக்கு ஏறி, ஒவ்வொரு தளத்திலும் கூரையை ஒட்டி நீண்டு செல்லும் கிடைத்தண்டுகளைச் சுழற்றியது. ஆலைத் தொழிலாளர் 'ஷாஃப்ட்' என வழங்கும் இத்தண்டுகளில் பொருத்தப்பட்ட உருளைகளிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி, நூற்பு இயந்திரங்களையும் தறிகளையும் இயக்கின. சட்டம் இந்த முழு அமைப்பையும் 'ஆலை இயக்கத் தொடர்' என்னும் பொருளில் வரையறுத்தது. முதன்மை விசையை இயந்திரத்திற்குக் கொண்டுசெல்லும் தண்டு, சக்கரம், உருளை, கப்பி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கின.

ஆபத்து இத்தண்டுகளின் வெளித்தோற்றத்தில் புலப்படுவதில்லை. பல்சக்கரத்தின் ஆபத்தைப் பார்த்த அளவிலேயே உணரலாம். வழவழப்பான தண்டோ வேகமாகச் சுழலும்போது அசையாதது போலத் தோன்றும். ஆடையின் ஓரமோ, கூந்தலோ, கழன்ற பட்டையின் நுனியோ அதில் சுற்றிக்கொண்டால், ஆளையும் உடன் இழுத்துக்கொள்ளும். நீராவிப்பொறி வேறு தளத்தில் இருந்தமையால் உடனே நிறுத்தவும் இயலாது. தரையை ஒட்டிய தண்டுகள் சிறார்க்கும் பெண்களுக்கும் ஆபத்தாயின. கூரையை ஒட்டிய தண்டுகளுக்கு இரையானோர் பெரும்பாலும் வயதுவந்த ஆண்கள். கழன்ற பட்டையை மீண்டும் மாட்டவும், எண்ணெய் இடவும், பழுது நீக்கவும் ஏணியில் ஏறியோர் அவர்களே. ஆலையின் உட்சுவர்களுக்கும் கூரைக்கும் குறித்த கால இடைவெளியில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது. சுகாதாரத்திற்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடும் ஆட்களைத் தண்டின் அருகே கொண்டுசென்றது.

1844ஆம் ஆண்டுச் சட்டம்

1833ஆம் ஆண்டுச் சட்டம் சிறாரின் வேலை நேரத்தை வரையறுத்து, நான்கு தொழிற்சாலை ஆய்வாளர்களை நியமித்தது. ஏறத்தாழ 3,000 ஆலைகள் அந்நால்வரின் பொறுப்பில் இருந்தன. எனினும் அச்சட்டத்தில் இயந்திரப் பாதுகாப்புக்கு இடமில்லை. அந்நால்வருள் ஒருவரான லெனார்டு ஹார்னர் நிலவியல் அறிஞர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் வார்டனாகப் பணியாற்றியவர். பருத்தித் தொழிலின் மையமான லங்காஷயர் மாவட்டம் பின்னர் அவர் பொறுப்பில் வந்தது. 1840இல் ஆஷ்லி பிரபு தலைமையில் அமைந்த நாடாளுமன்றத் தெரிவுக்குழு தொழிற்சாலைச் சட்டத்தின் செயல்பாட்டை விசாரித்தது. அவ்விசாரணையில் இயந்திர விபத்துகளும் இடம்பெற்றன.

இவற்றின் விளைவாக எழுந்த 1844ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வகைகளில் புதுமையானது. முதலாவதாக, நீராவிப்பொறியின் பகுதிகளும் ஆலை இயக்கத் தொடரின் எல்லாப் பகுதிகளும் உறுதியாக வேலியிடப்பட வேண்டும் என்றது. இரண்டாவதாக, இயக்கத்தில் உள்ள ஆலைத் தொடரைச் சிறாரும் இளையோரும் பெண்களும் துப்புரவு செய்யக் கூடாது என்றது. மூன்றாவதாக, மறுநாள் காலை 9 மணிக்குள் வேலைக்குத் திரும்ப இயலாத அளவுக்குக் காயம் ஏற்பட்டால், சான்றளிக்கும் மருத்துவருக்கு 24 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்றது. நான்காவதாக, வேலியின்மையால் காயம் நேர்ந்தால் 10 முதல் 100 பவுன் வரை அபராதம் விதிக்கவும், அதனைப் பாதிக்கப்பட்டவர் நலனுக்குப் பயன்படுத்தவும் வழிசெய்தது. 1837ஆம் ஆண்டின் பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்குக்குப் பின், உடன் பணியாற்றுவோரின் தவற்றால் நேரும் காயத்திற்கு முதலாளி பொறுப்பல்லர் என்னும் கோட்பாடு வலுப்பெற்று வந்த காலத்தில், இந்நான்காம் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது.

ஏழு அடி உயரம்: சலுகை வழக்கமாதல்

சட்டத்தின் வாசகம் எல்லாப் பகுதிகளையும் உள்ளடக்கியது. உயரத்தைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. நடைமுறையிலோ, தரையிலிருந்து ஏழு அடிக்கு மேல் உள்ள கிடைத்தண்டுகளுக்கு வேலி கேட்காமல் ஆய்வாளர்கள் விட்டுவிட்டனர். அந்த உயரத்தை நடந்து செல்வோர் எட்டார் என்பதே இதற்கு அடிப்படையாக இருந்த கருத்து. ஆய்வாளர் சிலரே இருந்தமையும், மாஜிஸ்திரேட்டுகள் பலர் உரிமையாளர்களின் சமூக வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தமையும், உரிமையாளரின் ஒத்துழைப்பின்றிச் சட்டத்தை நடத்துதல் அரிது என்னும் எண்ணமும் இச்சலுகைக்குத் துணைநின்றன.

இச்சலுகை பாதுகாப்பை நடப்பவரின் உயரத்தால் அளந்தது. ஏணியில் ஏறுபவர் அந்த அளவுக்குள் வரவில்லை. ஆனால் விபத்து அறிவிக்கைகள் ஆண்டுதோறும் குவிந்தபோது, ஏழு அடிக்கு மேற்பட்ட தண்டுகளும் உயிர்களைப் பறிப்பது புலனாயிற்று. தங்கள் சலுகை எங்கே தவறுகிறது என்பதைச் சட்டம் உருவாக்கிய பதிவுகளிலிருந்தே ஆய்வாளர்கள் அறிந்தனர்.

1854ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் உரிமையாளர் சங்கமும்

1854 ஜனவரியில் ஆய்வாளர்கள் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டு, உயரம் எதுவாயினும் கிடைத்தண்டுகளுக்கு வேலியிட வேண்டும் என்று அறிவித்தனர். இது புதிய விதி அன்று. பத்தாண்டுகளாக ஏட்டில் இருந்த விதியின் நேர்ப்பொருளே. உரிமையாளர்களோ இதனைப் புதிய சுமையாகக் கண்டனர். மார்ச் மாதத்தில் அவர்களது தூதுக்குழு உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டனைச் சந்தித்தது. அதன் பயனாக, உயரமான தண்டுகளுக்கு முழு வேலிக்கு மாற்றாக, கழன்ற பட்டை தண்டில் சுற்றாமல் தாங்கிக்கொள்ளும் கொக்கிகள் போன்ற ஏற்பாடுகளுக்கு இடமளிக்கப்பட்டது. கொக்கி பட்டையைத் தாங்குமே தவிர, ஏணியில் நிற்பவரின் ஆடையைக் காக்காது. எனவே முழு வேலியை ஆய்வாளர்கள் மீண்டும் வலியுறுத்தினர்.

இதனை எதிர்த்து 1855இல் மான்செஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்சாலை உரிமையாளர் தேசியச் சங்கம் தோன்றியது. சட்டத்தை மாற்ற முயல்வதோடு, வழக்கில் சிக்கும் உறுப்பினர்களுக்குப் பொதுநிதியிலிருந்து துணைநிற்பதும் அதன் நோக்கமாயிற்று. அபராதமும் வழக்குச் செலவும் தனி உரிமையாளரைத் திருத்துவதற்கானவை. பலரும் சேர்ந்து அவற்றைப் பகிர்ந்துகொண்டால், தண்டனை தொழில் நடத்தும் செலவுகளுள் ஒன்றாகிவிடும். விதிமீறல் தனியொருவரின் கவனக்குறைவு என்னும் நிலையிலிருந்து திட்டமிட்ட எதிர்ப்பு என்னும் நிலைக்கு இவ்வாறு மாறியது.

கணக்கும் கடமையும்

இச்சர்ச்சை இதழ்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் தொடர்ந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் ஆசிரியராக இருந்த 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழில் ஹென்றி மார்லி 1854 ஏப்ரல் முதல் தொடர் கட்டுரைகள் எழுதி, ஆய்வாளர் அறிக்கைகளில் கண்ட விபத்துகளைப் பொதுமக்கள்முன் வைத்தார். அதே ஆண்டில் அதே இதழில் வெளிவந்த டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' புதினத்தில், வேலியிடப்படாத இயந்திரத்தால் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த துயரம் பற்றிய பகுதி முதலில் இடம்பெற்றுப் பின்னர் அச்சுப்படியிலேயே நீக்கப்பட்டது.

எதிர்த்தரப்பில் பொருளியல் கருத்துகளை எளிய கதைகளாக எழுதிப் புகழ்பெற்ற ஹேரியட் மார்ட்டினோ நின்றார். அவர் எழுதிய சிறுநூலைச் சங்கமே 1855இல் வெளியிட்டது. சுழல்தண்டுகளால் நேரும் சாவு மொத்தத் தொழிலாளர் தொகையோடு ஒப்பிடச் சிறியது. பல விபத்துகள் தொழிலாளரின் கவனக்குறைவால் நேர்வன. வயதுவந்த ஆண்களைக் காக்க அரசு தலையிடுதல் முறையன்று என்பன அவரது வாதங்கள். இவற்றை முதலாளிகளின் தன்னலம் என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. அடிமைமுறையை எதிர்த்தும் பெண்களின் உரிமைக்காகவும் எழுதிய ஒருவரிடமிருந்து அவை வந்தன என்பது, அரசுத் தலையீடு பற்றிய அக்காலத் தாராளவாதக் கோட்பாட்டின் வலிமைக்குச் சான்று.

சாவின் விகிதத்தை மொத்தத் தொழிலாளர் தொகையால் வகுத்துக் காட்டும் முறையை மார்லி கடுமையாக மறுத்தார். இங்குப் பிரிவுக்கணக்கின் பகுதியே சிக்கலுக்குரியது. ஆலையிலுள்ள அனைவரும் கூரைத் தண்டை நெருங்குவதில்லை. ஏணியில் ஏறுவோர் சிலரே. ஆபத்தை எதிர்கொள்ளாத பலரையும் சேர்த்து வகுத்தால் ஆபத்து மறைந்துவிடும். விபத்துகளை வெளிப்படுத்துவதற்காக 1844ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய பதிவுகளே அவற்றைச் சிறிதாக்கிக் காட்டவும் பயன்பட்டன.

1856: நீதிமன்றமும் நாடாளுமன்றமும்

1856இல் டோயல் எதிர் ஷெப்பர்டு வழக்கில் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றம், ஆலை இயக்கத் தொடருக்கு வேலியிடும் கடமை, அதன் அருகே சிறார் செல்வரா என்பதைப் பொறுத்ததன்று என்று தீர்ப்பளித்தது. ஆய்வாளர்களின் 1854ஆம் ஆண்டு விளக்கம் சட்டப்படி சரியானதே என்பது இதனால் உறுதிப்பட்டது.

ஆயினும் அவ்வெற்றி நீடிக்கவில்லை. அதே ஆண்டில் வடக்கு லங்காஷயர் உறுப்பினர் வில்சன் பேட்டன் கொண்டுவந்த மசோதா சட்டமாயிற்று. சிறார், இளையோர், பெண்கள் ஆகியோர் நடந்து செல்கையிலோ வழக்கமான வேலையிலோ தொட நேரும் பகுதிகளுக்கு மட்டும் வேலி கட்டாயம் என்று அது சுருக்கியது. ஏனைய பகுதிகளில் கருத்து வேறுபாடு எழுந்தால், இயந்திர அமைப்பில் தேர்ச்சியுடைய நடுவர்கள் முடிவு செய்ய வேண்டும் என்றது. அத்தேர்ச்சி உடையோர் இயந்திரம் செய்யும் பொறியாளர்களே. அவர்களுடைய வாடிக்கையாளர்களோ ஆலை உரிமையாளர்கள். ஏணியில் ஏறும் வயதுவந்த ஆண் இவ்வாறு சட்டத்தின் நேரடிக் காப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஏழு அடிச் சலுகை எவரைக் கணக்கில் கொள்ளாது விட்டதோ, அவரையே புதிய சட்டமும் விட்டது.

பின்விளைவுகள்

இழந்த நிலத்தை மீட்க நெடுங்காலமாயிற்று. இயந்திரங்களின் ஆபத்தான எல்லாப் பகுதிகளும் ஆலை இயக்கத் தொடரின் ஒவ்வொரு பகுதியும், பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்னும் விதி 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்தது. 1898இல் குரோவ்ஸ் எதிர் விம்போர்ன் வழக்கில், வேலியிடப்படாத பல்சக்கரத்தால் கையை இழந்த சிறுவன், அபராத ஏற்பாடு இருப்பினும் தனியே இழப்பீடு கோரலாம் என மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1955இல் ஜான் சம்மர்ஸ் எதிர் ஃபிராஸ்ட் வழக்கில், வேலியிட்டால் இயந்திரத்தைப் பயன்படுத்தவே இயலாது என்பதும் விதிவிலக்காகாது எனப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

இந்தியாவிலும் இவ்விதியின் தடம் உண்டு. 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் இயந்திர வேலியையும் விபத்து அறிவிப்பையும் இங்குக் கொணர்ந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதியான வேலியை வலியுறுத்தியது. இயங்கும் இயந்திரத்தைச் சோதித்தலும் எண்ணெய் இடுதலும் தவிர்க்க இயலாதபோது, இறுக்கமான ஆடை அணிந்த, சிறப்புப் பயிற்சி பெற்ற, பதிவேட்டில் பெயருள்ள வயதுவந்த ஆண் தொழிலாளரே அவற்றைச் செய்ய வேண்டும் என 22ஆம் பிரிவு கூறியது. 1856இல் விடுபட்ட அந்த ஏணித் தொழிலாளரே இப்பிரிவில் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டார்.

முடிவுரை

1844 முதல் 1856 வரையிலான நிகழ்வுகள் வேலி என்னும் பொருளின் விலையைப் பற்றிய தகராறாக மட்டும் நின்றுவிடவில்லை. விதியின் பொருளை முடிவு செய்பவர் யார் என்பதே அதன் உட்கிடை. ஆய்வாளரின் சலுகை உரிமையாளரின் எதிர்பார்ப்பாயிற்று, அவ்வெதிர்பார்ப்பு சங்கத்தின் கோரிக்கையாயிற்று, கோரிக்கை சட்டமாயிற்று. ஆய்வாளர் சிலரே இருந்தனர் என்னும் பார்ட்ரிப், ஃபென் ஆகியோரின் வாதம் சலுகை பிறந்த காரணத்தை விளக்குகிறது. ஆனால் அச்சலுகையின் விளைவு ஆய்வாளர்களின் கையில் இருக்கவில்லை. அவர்கள் திரும்பப் பெற முயன்றபோது அது ஏற்கெனவே உரிமையாகக் கருதப்பட்டுவிட்டது. பாதுகாப்பு விதிகளின் வரலாற்றை ஆராய்வோர் சட்ட வாசகங்களையும் வழக்குகளின் எண்ணிக்கையையும் மட்டுமன்றி, வழக்காகாமல் விடப்பட்ட மீறல்களையும் அவற்றால் கணக்கில் கொள்ளப்படாது போன தொழிலாளரையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.