கயிறு மாறுவதற்கு முன்



2025ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இடம் பெற்ற செஞ்சிக் கோட்டைக்குச் செல்வோர் பெரும்பாலும் இராசகிரியின் உச்சியை நோக்கியே நடப்பர். அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அருகில் உள்ள குதிரை லாயங்களை நின்று பார்ப்போர் சிலரே. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது இளவயதில் மாண்ட தேசிங்கு ராஜனை நாட்டுக் கதைப்பாடல் போற்றுகிறது. தில்லியில் எவர்க்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கினான் என்று அது கூறும். வீரனைப் பாட்டு பாடும். ஆனால் வீரன் ஏறுவதற்கு முன் குதிரையின் காலையும் குளம்பையும் தடவிப் பார்த்தவனைப் பற்றிப் பாட்டு ஒன்றும் சொல்லுவதில்லை.

இன்று செஞ்சியிலும், அதனை அடுத்த அனந்தபுரத்திலும் குதிரையின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் இளைஞர் பலர்க்கு முதலில் வாய்ப்பது பழைய வண்டியே. ஏறுமுன் ஊர்தியின் குறையைக் கண்டறிவது எப்படி என்ற கேள்வி பழையது. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசர் கடல் கடந்து வரும் குதிரைகளுக்குப் பெரும் பொருள் செலவிட்டதைக் கண்டு வியந்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட்டது என்றும் எழுதினார். வந்த குதிரைகளும் நெடுநாள் வாழவில்லை. அவற்றைப் பேணவும், நோய் கண்டு மருந்து தரவும் அறிந்தோர் இங்கு இல்லை என்கிறார் போலோ. அவர் கூறும் மற்றொரு செய்தியே நம் கவனத்திற்கு உரியது. அத்தகைய அறிவு உடையோரை இந்நாட்டிற்கு வரவிடாமல் குதிரை வணிகரே தடுத்து வந்தனராம்! வாங்குவோனின் அறியாமையே விற்போனின் முதலாயிற்று.

நரி பரியான கதையை நீங்கள் அறிவீர்கள். பகலில் பாண்டியன் கண்முன் பரியாக நின்றவை இரவில் நரியாகி ஊளையிட்டன. பக்தர்க்கு அது இறைவனின் திருவிளையாடல். அக்கதையில் உலக வழக்கு ஒன்றும் பொதிந்துள்ளது. குதிரையைக் கைமாற்றும்போது கயிறு மாற்றிக் கொடுப்பர். கயிறு மாறியபின் நன்மையும் தீமையும் வாங்கியவனைச் சேரும். நம் மாட்டுச் சந்தைகளில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், சுழி பார்ப்பதும், சிறிது தூரம் நடக்கவிட்டுப் பார்ப்பதும் கயிறு மாறுவதற்கு முன்னரே நடப்பன.

இனி இரும்புக் குதிரைக்கு வருவோம். 1885ஆம் ஆண்டில் செருமனி நாட்டில் காட்லீப் டைம்லர், மரச் சட்டத்தில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓடச் செய்தார். நம் நாட்டில், 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1984இல் இண்ட்-சுசூகி 100 சி.சி. வண்டியும் ஓசூரிலிருந்து வந்தன. வண்டிகள் பெருகப் பெருக, ஒருவர் ஓட்டிய வண்டி மற்றொருவர் கைக்கு மாறுவதும் பெருகிற்று.

இவ்வாறு கைமாறும் சந்தையின் இயல்பை 1970ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாப் ஆராய்ந்தார். பழைய காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆதலால் நல்ல வண்டிக்கும் உரிய விலை கிடைப்பதில்லை. நல்லவை சந்தையிலிருந்து விலக, குறையுள்ளவை மிஞ்சும் என்றார். அறிவின் ஏற்றத்தாழ்வு சந்தையை எவ்வாறு கெடுக்கும் என்று காட்டிய இவ்வகை ஆய்வுக்காக 2001இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. போலோ கண்ட குதிரைச் சந்தைக்கும் இது பொருந்துமன்றோ?

அந்த ஏற்றத்தாழ்வை நீக்கும் வழி, வாங்குபவன் அறிவு பெறுவதே. இளைஞர் வண்டியின் பளபளப்பைப் பார்ப்பர். எஞ்சினின் ஓசையைக் கேட்பர். எஞ்சின் நின்றுபோனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேரலாம். உயிரைப் பறிக்கும் குறைகள் பெரும்பாலும் வேறிடத்தில் இருப்பன.

முதலாவது, ஹேண்டில். அதனைத் தாங்கும் கோன்செட்டில் எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், அவை நின்ற இடத்தில் நாளடைவில் சிறு பள்ளங்கள் விழும். முன்சக்கரம் தரையில் படாமல் வண்டியை நிறுத்தி, ஹேண்டிலை மெல்லத் திருப்புக. நேராக வரும்போது எதிலோ சிக்கி நிற்பதுபோல் தோன்றினால் கோன்செட் கெட்டது என்று அறிக. அத்தகைய வண்டி சாலையில் நேர்கோட்டில் நில்லாது அலையும்.

இரண்டாவது, சேஸ் என்னும் உடற்சட்டம். ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் பூசியிருந்தால், அதன் கீழே வெல்டிங் செய்த தழும்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல், இரு சக்கரங்களின் ஓரமாக நூல் பிடித்தால், மோதி வளைந்த சட்டம் தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது, டயர். அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 எனில், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். மேலே பட்டன் தேயாதிருந்தும் பக்கங்களில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயரை நம்பலாகாது.

நான்காவது, பிரேக். டிரம் பிரேக்கைச் சரிசெய்யும் திருகு, முறுக்குவதற்கு இடமின்றிக் கடைசி மரைக்கு வந்திருந்தால் உள்ளே லைனிங் தேய்ந்துவிட்டது என்க. டிஸ்க் பிரேக்காயின் எண்ணெய்க் கசிவு உண்டா என நோக்குக. ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டால், ஹேண்டில் எப்பக்கம் திரும்பியிருப்பினும் அது உடனே தன் நிலைக்கு மீள வேண்டும்.

ஐந்தாவது, செயின். பின்பல்சக்கரத்தில் படிந்துள்ள செயினைப் பின்னோக்கி இழுத்தால் பல் பாதி வெளியே தெரியுமாயின் அது தேய்ந்தது. ஓட்டத்தில் செயின் அறுந்து சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடும்.

இவற்றையெல்லாம் அரசு அலுவலர் பார்க்கமாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பேருந்தும் லாரியும் குறித்த காலந்தோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்த மோட்டார் சைக்கிளின் பதிவோ 15 ஆண்டுகள் செல்லும். அதனைப் புதுப்பிக்கும்போதுதான் வண்டியைச் சோதனைக்குக் காட்டுகிறோம். பிரிட்டனில் 1960ஆம் ஆண்டில், 10 ஆண்டு கடந்த வண்டிகளின் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றைக் கட்டாயமாகச் சோதிக்கத் தொடங்கினர். தவறியவை மிகப் பலவாயினமையால், அடுத்த ஆண்டே அவ்வரம்பை 7 ஆண்டாகவும், 1967இல் 3 ஆண்டாகவும் குறைத்தனர். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி குறையற்ற வண்டி ஆகாது என்பதை அந்நாடு அவ்வாறு கற்றது. நம் நாட்டில் அந்த 15 ஆண்டுக்குள் வண்டி கைமாறினால், வாங்குபவனே சோதனை அதிகாரியும் ஆகிறான்.

பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். சுரண்டிய எண்ணுள்ள வண்டியை விலை குறைவென்று வாங்கற்க. ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

மாணவ நண்பர்களே, குறையைத் தேடுவது விற்பவரை அவமதிப்பதாகாது. நேர்மையாளர் தம் வண்டியைத் திறந்து காட்டத் தயங்கார். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றாலும் முகம் சுளியார். ஒரு நாழிகை பொறுத்துப் பார்க்கவிடாதவரிடம் வாங்காதிருத்தலே நன்று. அன்று பாண்டியர் இழந்தது பொன். இன்று இழக்கப்படுவது உயிர். அக்காலத்துக் கயிறே இக்காலத்துச் சாவி. அது கைமாறுவதற்கு முன் கண்ணும் கையும் தம் கடமையைச் செய்து முடிக்கட்டும்.