'பியெட்டா': சொங்கேச்சொன் கரையின் இரு தாய்மார்

கிம் கி-டுக்கின் 'பியெட்டா' 2012இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. தலைப்பை வைத்து அதனை மைக்கலாஞ்சலோவின் சிற்பத்தோடும் கிறித்தவக் குற்றவுணர்வோடும் இணைத்து வாசிப்பது எளிது, தவறுமன்று. ஆயினும் அவ்வாசிப்பு கதை நிகழும் மண்ணை மறக்கச் செய்கிறது.

சோல் நகரின் நடுவே ஓடும் சொங்கேச்சொன் ஓடை 1958 முதல் கான்கிரீட்டால் மூடப்பட்டது. அதன் இருமருங்கும் தையற்கூடங்களும் உலோகப் பட்டறைகளும் பெருகின. 1970 நவம்பர் 13 அன்று, அங்குள்ள பியோங்வா சந்தைப் பகுதியில், ஜொன் தே-இல் என்னும் 22 வயதுத் துணிவெட்டும் தொழிலாளி, ஏட்டளவில் இருந்த தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரித் தீக்குளித்தார். அவருடைய தாய் லீ சோ-சன் இழப்பீட்டுப் பணத்தை மறுத்தார். மகனின் கோரிக்கைகள் ஏற்கப்படும்வரை உடலை அடக்கம் செய்யவும் இசையவில்லை. அம்மாதமே சொங்கே ஆடைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 'தொழிலாளர்களின் தாய்' என்று போற்றப்பட்ட அவர், பலமுறை சிறை சென்று, 2011 செப்டம்பரில் மறைந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் 'பியெட்டா' வெளிவந்தது.

இடையில் நாடு மாறியிருந்தது. 1997 நிதி நெருக்கடியைத் தொடர்ந்து, வட்டிக்கு உச்சவரம்பு விதித்த சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. 2002இல் கந்துவட்டியைக் கட்டுப்படுத்த வந்த சட்டமோ 66 விழுக்காடுவரை அனுமதித்தது. கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும். படத்தில் கடன்பட்டோர் கூலித் தொழிலாளர் அல்லர். ஒற்றை இயந்திரத்தோடு ஒண்டியாய் உழைக்கும் பட்டறைக்காரர்கள். கடன் பத்து மடங்காகிறது. வசூலிக்க வரும் காங்-டோ அவர்களை அவர்களுடைய இயந்திரங்களிலேயே ஊனமாக்கிக் காப்பீட்டுத் தொகையைப் பறிக்கிறான். பிறக்கப்போகும் பிள்ளைக்காக ஓர் இளைஞன் தன் கைகளைத் தானே முன்வந்து நீட்டுகிறான்.

காங்-டோவின் தாய் என்று சொல்லிக்கொண்டு வரும் மி-சன், உண்மையில் அவனால் ஊனமாகித் தூக்கிட்டு மாண்ட ஒருவனின் தாய். தாய்மையைச் சோதிப்பதாகக் கூறி அவன் அவள்மீது நிகழ்த்தும் பாலியல் வன்முறை காணச் சகியாதது. அக்காட்சி தேவைதானா என்ற ஐயம் இறுதிவரை அகலவில்லை.

லீ சோ-சன்னுக்கு எதிரே முதலாளிகள் இருந்தனர், அரசு இருந்தது, மகன் விட்டுச்சென்ற கோரிக்கைகள் இருந்தன. மி-சன்னுக்குச் சங்கமும் இல்லை, வைப்பதற்கு ஒரு கோரிக்கையும் இல்லை. எஞ்சியது பழி ஒன்றே: தாயற்றவனுக்குத் தாயாகி, அவன் கண்முன்னே சாவது. பாழடைந்த கட்டடத்தின் உச்சியில் தன்னை யாரோ தள்ளப்போவதாக அவள் நடிக்கிறாள். கீழே காங்-டோ, அங்கே இல்லாத அந்தப் பகைவனிடம் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். குதிக்குமுன் இறந்த மகனிடம் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். காங்-டோவும் பாவம் என்கிறாள்.