மேற்பார்வையும் ஒரு கையொப்பமும்

1858 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் மிட்டாய் உண்டோருள் சுமார் 20 பேர் மாண்டனர். ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர். சீனியின் அளவைக் குறைத்து மிட்டாயிற் கலப்பதற்கென மலிவான வெண்பொடி கேட்கப்பட, மருந்துக்கடை உதவியாள் ஆசனிக்கு எனும் நஞ்சை நிறுத்துக் கொடுத்துவிட்டான். கடைக்காரரோ நோய்ப்படுக்கையிற் கிடந்தார். வழக்குத் தொடரப்பட்டும் எவரும் தண்டனை பெறவில்லை.

1868 ஆம் ஆண்டின் மருந்தாளர் சட்டத்துக்கு வழிகோலிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. புதிதாகத் தொழிலில் இறங்குவோர் தேர்வில் தேறிப் பதிவுபெறுதல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. ஆயினும் தேர்வு அளப்பது அறிவையே. களைப்பிலும் அவசரத்திலும் கை தவறுமா என்பதை அருகில் நிற்பவரே அறிவார்.

2021 இல் அடித்தளப் பயிற்சியாண்டு எனப் பெயர்பெற்ற பிரித்தானியப் பயிற்சி இவ்விரண்டையும் இணைத்தது. 52 வாரப் பயிற்சியில் 13, 26, 39 ஆம் வாரங்களில் மேற்பார்வையாளர் பயிலுநரின் முன்னேற்றத்தை ஆராய்வார். தேர்வோடு அவரது இறுதிச் சான்றும் வேண்டப்படும்.

கற்பித்தவரே மதிப்பிடும்போது பரிவு நடுநிலையை மறைத்தல் கூடும். ஆனால், தாம் ஒருபோதும் காணாத அக்கையொப்பத்தை நம்பியே நோயாளர் மருந்தை அருந்துகின்றனர்.